முழு உடம்போடு போவது

ஆலங்குளம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் சுகர் முற்றிக் கால்விரல் கறுத்துப்போன பெரியவர்களிடம் ‘விரலை எடுக்கணும்’ என்றால், அடிக்கடி வருகிற பதில், ‘வேண்டாம்யா, முழு உடம்போட போயிடுறேன்’ என்பது. இது கத்திக்குப் பயந்த பேச்சு மட்டும் இல்லை. கடவுள் கொடுத்த உடம்பைக் குறையில்லாமல் ஒப்படைக்க வேண்டும், வந்த கேடு முன்வினை, அதை அனுபவித்தே தீர்க்க வேண்டும் என்ற நம்பிக்கையும் அதற்குள் இருக்கிறது. நம்பிக்கையை மதிக்கிறேன். ஆனால் நம் சமயம் அப்படிச் சொல்லவில்லை.

முதலில் அந்த விரலைப் பார்ப்போம். காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்க்குள் கொழுப்பு படிந்து அடைக்கிறது. சர்க்கரை நோயும் பீடியும் அடைப்பை விரைவாக்குகின்றன. ரத்தம் எட்டாத விரல் சில்லிட்டு, நிறம் மாறி, கடைசியில் கறுத்து வற்றிச் சுருங்குகிறது. சீழ் இல்லை, பெரிய நாற்றமும் இல்லை. கறுப்பு முடிந்து நல்ல தோல் தொடங்குமிடத்தில் நாளடைவில் ஓர் எல்லைக்கோடு விழும். அதை மருத்துவர் போடவில்லை. உயிருள்ள தசையே செத்ததைத் தன்னிடமிருந்து ஒதுக்கி வைக்கிறது. சிலருக்கு விரல் தானாகவே கழன்று விழுவதும் உண்டு. ஆக, ‘முழு உடம்பு’ கத்தி படுவதற்கு முன்பே போய்விட்டது. செத்த விரலுக்காக உயிருள்ள காலைப் பணயம் வைக்கலாமா என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. வறண்ட விரலில் கிருமி புகுந்து ஈர அழுகலானால் அது வேகமாக மேலேறி உயிரையே கேட்கும்.

குறையற்ற உடம்பைத்தான் இறைவன் ஏற்பான் என்றால், தன் கண்ணைப் பிடுங்கி அப்பிய கண்ணப்பருக்கும் கண்ணிழந்த கூரத்தாழ்வாருக்கும் அவன் சந்நிதியில் என்ன இடம்? வினை என்பார்கள். திருச்செங்கோட்டில் அடியார்கள் குளிர்சுரத்தில் விழுந்தபோது திருஞானசம்பந்தர் ‘வினைதானே’ என்று கைகட்டி நிற்கவில்லை. வினையின் பலன் என்று சொல்லிவிட்டு, தப்பும் வழி தேடாமல் இருப்பதே ஊனம் என்று கடிந்து, திருநீலகண்டப் பதிகம் பாடினார். வினையை நம்பியவர்தான் அதைப் பாடினார்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. இதே பக்கத்துத் திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷி, இடக்கையில் புற்றுக்கட்டி வந்தபோது கையை எடுக்கச் சம்மதிக்கவில்லையே, 1950 ஏப்ரல் 14 அன்று அந்த நோயிலேயே சமாதியடைந்தாரே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் அதே கையில் நான்கு முறை அறுவை செய்ய அவர் இடம் கொடுத்தார். மருத்துவம் கூடாது என்பது அவர் நிலையாக இருந்திருந்தால் முதல் முறையே தடுத்திருப்பார். அதோடு, உடம்பு நான் இல்லை என்று கண்டவரின் மறுப்பு அது. விரல் போனால் நானே குறைந்துவிடுவேன் என்று அஞ்சுகிறவர் அதற்கு நேரெதிர்த் திசையில் நிற்கிறார். மகரிஷியின் பெயரை அந்த அச்சத்துக்குத் துணையாகக் கூப்பிடுவது நியாயமாகாது.

என் கவலையெல்லாம் ‘விதி’ என்ற சொல் எப்போது வாயில் வருகிறது என்பதில் இருக்கிறது. விரல் கறுக்கும்வரை அது காத்திருப்பதில்லை. கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், நின்றால் விட்டுவிடும். பிறகு ராத்திரி வலியில் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் தூக்கம் வரும். ‘வயசானா அப்படித்தான், தலையெழுத்து’ என்பது அப்போதே வந்துவிடுகிறது. பாதத்தின் மேல் நாடி துடிக்கிறதா என்று ஒருவர் தொட்டுப் பார்த்து, அடைப்பைப் பலூன் வைத்துத் திறக்கவோ மாற்றுக்குழாய் வைக்கவோ பலருக்கு வழி இருக்கிற நாட்கள் அவை.