உயிர்க்கொல்லி என்று சொல்வதற்கு முன்

"இதை வீட்டுல நீங்களே படிச்சுக்கோங்க, ரெண்டு மார்க்குதான் வரும்." பல பள்ளிகளில் எய்ட்ஸ் பற்றிய பாடம் இந்த ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. ஆசிரியர் நான்கைந்து பக்கங்களைச் சேர்த்துப் புரட்டுவார். கடைசி பெஞ்சில் ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் வெளிப்பட்டது 1986இல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா திரட்டிய ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டபோது அது தெரிந்தது. பேசவே கூசிய காலத்தில் ஒரு மாணவி பாலியல் தொழிலாளிகளைத் தேடிப் போய்ப் பேசினார். அதே ஊரின் வகுப்பறைகளில் இன்றும் எச்.ஐ.வி. என்று சொல்ல நா எழவில்லை.

இதற்காக ஆசிரியரை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமா? 2005இல் மத்திய அரசு, எச்.ஐ.வி. பற்றியும் பேசும் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2007இல் மகாராஷ்டிரம், கர்நாடகம் உள்ளிட்ட சில மாநிலங்கள் பண்பாட்டுக்கு ஆகாது என்று அதை நிறுத்தின. பெற்றோர் கேள்வி கேட்டு வந்தால் ஆசிரியருக்குத் துணை நிற்காத நிர்வாகம், அவரிடம் மட்டும் துணிச்சலை எதிர்பார்ப்பது அறமாகாது.

ஆனாலும் பக்கத்தைப் புரட்டுவதை மன்னிக்க முடியவில்லை. அதைவிடவும் வலிப்பது அரைகுறையாக நடத்துவது. "எய்ட்ஸ் ஒரு உயிர்க்கொல்லி நோய், ஒழுக்கம் தவறினால் வரும்" என்று நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். அந்த வகுப்பில், காலையில் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை போட்டுக்கொண்டு வந்த ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கலாம். எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு அது தாயிடமிருந்து வந்தது: கருவில், பிறக்கையில், அல்லது தாய்ப்பாலில். ஆசிரியர் சொன்ன அந்த வரி அந்தப் பிள்ளையின் காதில் எப்படி விழும்? நீ செத்துப்போவாய், உன் அம்மா கெட்டவள். இரண்டுமே பொய். மாத்திரையை விடாமல் எடுத்துக்கொள்பவர் முதுமைவரை வாழலாம். எச்.ஐ.வி. எய்ட்ஸாக முற்றாமலே இருக்கலாம். இவ்வளவுகூடத் தெரியாமல் வகுப்புக்குள் போவது, ஓட்டத் தெரியாமல் பஸ்ஸை எடுப்பதற்குச் சமம்.

எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்து ஆலோசகரைப் பள்ளிக்கு அழைப்பது நல்ல வழிதான். ஆனால் அவர் பேசும்போது ஆசிரியர் ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விட்டால், பிள்ளைகள் அன்றைக்குக் கற்றுக்கொள்வது வெட்கத்தை.

யாருக்குத் தொற்று இருக்கிறது என்று துருவாமல் இருப்பதும் இந்தப் பாடத்தை நடத்துவதற்கான ஆயத்தத்தில் சேர்த்திதான். ஒருவரின் ஒப்புதல் இல்லாமல் அதை வெளியிடக் கூடாது என்கிறது எச்.ஐ.வி., எய்ட்ஸ் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம். தொற்றைக் காரணம் காட்டிப் பள்ளியில் பாகுபாடு காட்டவும் அது தடை விதிக்கிறது.

சில வகுப்புகளில் கேள்விப் பெட்டி வைப்பார்கள். பெயர் எழுதத் தேவையில்லை. "கொசு கடிச்சா வருமா?" என்று ஒரு சீட்டு வரும், வராது என்று சொல்லிவிடலாம். அடுத்த சீட்டில், "அம்மாவுக்கு இருந்தா எனக்கும் இருக்குமா?" என்று கோணல்மாணலாக எழுதியிருக்கும். கையெழுத்து யாருடையது என்று ஆசிரியருக்கு உடனே தெரிந்துவிடும். அந்த முகத்தைத் தேடாமல், குரலை மாற்றாமல், இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, ஒரு பரிசோதனையில் தெரிந்துவிடும், இருந்தாலும் மருந்து இருக்கிறது என்று வகுப்பு முழுவதற்குமாகச் சொல்லிவிட்டு, அடுத்த சீட்டை எடுக்க வேண்டும்.