திருப்பித் தராத இரவல்

கெயோர்கே ஹாஜியை ராணுவத்தின் அணி ஒரே ஓர் ஆட்டத்துக்குத்தான் இரவல் கேட்டது. 1987 பிப்ரவரி 24, மொனாக்கோவில் ஐரோப்பிய சூப்பர் கோப்பை ஆட்டம். முந்தைய ஆண்டு செவில் நகரில் பார்சிலோனாவைப் பெனால்டியில் வீழ்த்தி ஐரோப்பியக் கோப்பையை வென்றிருந்த ஸ்டெயாவா புக்கரெஸ்ட் ஒரு பக்கம், டைனமோ கீவ் மறுபக்கம். ஸ்டெயாவா ருமேனிய ராணுவத்தின் கால்பந்து கிளப். 22 வயது ஹாஜியோ ஸ்போர்துல் ஸ்டூடென்செஸ்க் என்ற மாணவர் கிளப்பின் நடுக்கள ஆட்டக்காரர். இடைவேளைக்குச் சற்று முன் அவர் அடித்த ஃப்ரீகிக் வலைக்குள் போனது. ஆட்டத்தின் ஒரே கோல் அதுதான். கோப்பையோடு ஊர் திரும்பிய ஸ்டெயாவா, ஆட்டக்காரரை மட்டும் உரியவர்களிடம் அனுப்பவில்லை.

ஹாஜியைப் பற்றிய புகழுரைகளில் இந்தச் செய்தி பெரும்பாலும் ஒரு வரியில், சிரித்துக்கொண்டே சொல்லப்படுகிறது. ஆளை அனுப்ப மனம் வரவில்லை, அவ்வளவு அருமையாக ஆடினார் என்று. ஆனால் சிரிப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், வலுத்தவன் எளியவனின் பொருளை எடுத்துக்கொண்ட கதை இது. அப்படி எடுக்கப்பட்ட பொருள் மேலும் மேலும் ஒளிர்ந்தது என்பதால் எடுத்தது சரியாகிவிடுமா? அந்த ஒளியில் வாழ்ந்தவருக்கு அதில் பொறுப்பு ஏதும் உண்டா?

முதலில், எடுத்தவர்களின் பலம். 1980களின் ருமேனியாவில் ஸ்டெயாவா ராணுவத்துக்கும் டினாமோ புக்கரெஸ்ட் உள்துறை அமைச்சகத்துக்கும் உரியவை. சர்வாதிகாரி நிக்கோலாய் சௌசெஸ்குவின் மூத்த மகன் வாலன்டின், ஸ்டெயாவாவின் புரவலராக அறியப்பட்டவர். அப்படிப்பட்ட இடத்திலிருந்து "ஒரு நாள் மட்டும்" என்று கேட்டு வந்தால் மாணவர் கிளப் என்ன பதில் சொல்லியிருக்கும்? மறுக்க வழியில்லாதவனிடம் கேட்பது கேட்பதே அல்ல. ஆகவே, கிளப் சம்மதித்துத்தானே அனுப்பியது என்ற வாதம் நிற்காது. அந்தச் சம்மதமும் ஓர் ஆட்டத்துக்கு மட்டுமே.

இழந்தது எவ்வளவு என்பதும் தெரிய வேண்டும். 1984–85இல் 20 கோல், 1985–86இல் 31 கோல் என இரண்டு பருவங்களில் லீக்கின் அதிக கோல் அடித்தவர் ஹாஜி. இரண்டாவது பருவத்தில் ஸ்போர்துல் லீக்கில் இரண்டாம் இடம் பிடித்தது. அதற்கு முன்னும் பின்னும் அந்தக் கிளப் சாம்பியன் ஆனதே இல்லை. ஹாஜி இருந்திருந்தால் ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. முயன்று பார்க்கும் வாய்ப்பு பறிபோனது என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். மறுபக்கம், ஸ்டெயாவா 1987, 1988, 1989 என மூன்று முறை தொடர்ந்து லீக்கை வென்றது. 1986 முதல் 1989 வரை லீக்கில் 104 ஆட்டங்கள் தோல்வியே காணவில்லை. போட்டியாளரின் சிறந்த ஆட்டக்காரரையும் எடுத்துக்கொண்டு எட்டப்பட்ட சாதனையை முழுச் சாதனையாக எண்ணுவது எப்படி?

எடுத்ததை நியாயப்படுத்துவோர் இங்கே ஒரு வலுவான வாதத்தை முன்வைப்பார்கள். ஸ்போர்துலில் இருந்தால் ஹாஜிக்கு ஐரோப்பிய மேடை ஏது? ஸ்டெயாவாவோடு 1989இல் ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டம்வரை போனார் (மிலானிடம் 4–0 தோல்வி, அது வேறு கதை). பிறகு ரியல் மாட்ரிட், பிரெஷியா, பார்சிலோனா, கலாட்டாசராய். 1994 உலகக் கோப்பையில் கொலம்பியாவுக்கு எதிராக இடது ஓரத்திலிருந்து கோல் காப்பாளரின் தலைக்கு மேல் அனுப்பிய அந்தப் பந்து. ருமேனியாவைக் காலிறுதிக்குக் கொண்டுபோன அந்தக் கோடை. திறமை அதற்குரிய இடத்தை அடைந்தது, எல்லோருக்கும் நன்மைதானே?

இதில் இரண்டு பிழைகள் உண்டு. ஸ்டெயாவாவுக்கு வருமுன்பே ஹாஜி நாட்டின் முதல் ஆட்டக்காரர். அவரை வளர்த்தது ஸ்போர்துல், கண்டெடுத்துக்கொண்டது ஸ்டெயாவா. அவருக்கு மேற்கு ஐரோப்பாவின் கதவைத் திறந்ததும் ராணுவக் கிளப் அல்ல, 1989 டிசம்பர் புரட்சி. அதுவரை ஆட்டக்காரர்களை வெளியே விடாமல் பூட்டி வைத்திருந்ததே சௌசெஸ்குவின் அரசுதான். இரண்டாவது பிழை இன்னும் ஆழமானது. பறித்தவனே பின்னால் விளைந்த நன்மையைக் காட்டித் தன்னை விடுவித்துக்கொள்ள அனுமதித்தால், பலமுள்ள எவனும் முதலில் எடுத்துவிட்டுப் பிறகு கணக்குக் காட்டுவான்.

சரி, ஹாஜி மறுத்திருக்கலாமே என்று கேட்போர் உண்டு. மறுப்பின் விலை என்ன என்பதற்கு அதே அணியில் ஒரு சான்று இருந்தது. தற்காப்பு ஆட்டக்காரர் மியோத்ராக் பெலோதேதிச் 1988இல் யூகோஸ்லாவியாவுக்குத் தப்பிப் போனார். அவர் இல்லாமலேயே விசாரணை நடத்தி, தேசத் துரோகி என்று சிறைத் தண்டனை விதித்தது ருமேனிய அரசு. ஆட்சி கவிழ்ந்திராவிட்டால் அவரால் சொந்த ஊர் மண்ணை மிதித்திருக்க முடியாது. இத்தகைய துணிவைப் போற்றலாம், ஆனால் மற்றவர் அனைவரிடமும் கடமையாகக் கேட்க முடியாது. 22 வயது இளைஞனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது அநியாயம்.

குற்றமில்லை என்றால் கடனும் இல்லையா? இங்கேதான் சிந்தனை வழுக்குகிறது. திருட்டுப் பொருள் என்று அறியாமல் வாங்கியவன் திருடன் அல்லன், ஆனாலும் பொருளுக்கு உரியவன் வந்து நின்றால் அவனுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். குற்றம் செய்தவரைத் தேடுகிறது. கடனோ பயன் போன இடத்தைத் தேடுகிறது. ஸ்போர்துலின் இழப்பால் பயன் பெற்றது முதன்மையாக ஸ்டெயாவா. ஹாஜியின் பங்கு அதைவிடச் சிறியது.

கடனின் அளவைக் கணிக்கக்கூட இன்று ஓர் அளவுகோல் இருக்கிறது. 2001இல் ஃபிஃபா கொண்டுவந்த விதிப்படி, ஒப்பந்தக் காலத்தில் ஓர் ஆட்டக்காரர் வேறு நாட்டுக் கிளப்புக்கு விற்கப்படும்போது தொகையில் 5 சதவீதம், 12 முதல் 23 வயதுவரை அவரைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் போக வேண்டும். ஹாஜி ஸ்போர்துலில் இருந்தது 18 வயது முதல் 22 வரை. 1990இல் அவர் மாட்ரிட் போனபோது இந்த விதி இல்லை. ஆகவே சட்டம் எதையும் கேட்கவில்லை. ஆனால் விதி பிறகு வந்தது ஏன்? இப்படி வளர்த்தவர்கள் வெறுங்கையோடு நிற்பது தவறு என்று கால்பந்து உலகமே ஒப்புக்கொண்டதால்தான்.

ஹாஜி 2009இல் கான்ஸ்டான்சா பக்கம் சொந்தப் பணத்தைப் போட்டு இளைஞர் பயிற்சிக்கூடம் தொடங்கினார். அதிலிருந்து எழுந்த வீட்டோருல் கிளப் 2017இல் நாட்டின் சாம்பியன் ஆனது. இளம் ஆட்டக்காரரை வளர்த்து விற்பதே அதன் பிழைப்பாக இருந்தது. இதை ஹாஜியின் பிராயச்சித்தம் என்று எழுதத் தோன்றும். எழுதக் கூடாது. பெருந்தன்மை வேறு, திருப்பித் தருவது வேறு. கான்ஸ்டான்சாவின் சிறுவர்கள் புக்கரெஸ்டின் கடனுக்கு ஈடாக மாட்டார்கள்.

திருப்பித் தருவதும் அவ்வளவு எளிதல்ல. 1988 ருமேனியக் கோப்பை இறுதியில் டினாமோவுக்கு எதிராக அடித்த கடைசி நிமிடக் கோல் ஆஃப்சைடு என்று மறுக்கப்பட்டதும் ஸ்டெயாவா மைதானத்தைவிட்டு வெளியேறியது. பிறகு அந்தக் கோல் செல்லும் என்று அறிவிக்கப்பட்டுக் கோப்பை அவர்களிடமே போனது. புரட்சிக்குப் பின் அதை டினாமோவுக்குக் கொடுக்க ஸ்டெயாவா முன்வந்தபோது, டினாமோ வாங்க மறுத்துவிட்டது. களத்தில் கிடைக்காத கோப்பையை மேசைமீது வாங்கி என்ன செய்வது? ஸ்போர்துலுக்கு அந்த மறுக்கும் கௌரவம்கூட வாய்க்கவில்லை. 2006இல் லீக்கில் நான்காம் இடத்தில் முடித்தும் பணச் சிக்கலால் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. 2010இல் மீண்டு மேலே வந்தாலும், 2012இல் மறுபடியும் இறங்கியது. அந்த வீழ்ச்சிக்கும் 1987க்கும் நேர்த் தொடர்பு காட்ட முடியாது. கடன் கொடுத்தவர் நொடித்துப் போனால் கடன் தீர்ந்துவிடாது என்பது மட்டும் உண்மை.

ஸ்டெயாவாவின் வாரிசு யார் என்பதே பின்னாளில் வழக்கானது. தனியார் கைக்குப் போன அணி அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று 2014இல் நாட்டின் உயர் நீதிமன்றம் சொன்னது. 2017இல் அது எஃப்சிஎஸ்பி என்று பெயர் மாற்றிக்கொண்டது. ராணுவம் அதே ஆண்டு தன் அணியை நான்காம் பிரிவிலிருந்து புதிதாகத் தொடங்கியது. செவில் கோப்பையும் மொனாக்கோ கோப்பையும் யாருடையவை என்று இரு தரப்பும் மோதுகின்றன. வென்றவற்றின் பட்டியலை இருவரும் முழுமையாகக் கேட்கிறார்கள். அப்படியானால் ஓர் ஆட்டத்துக்கென்று வாங்கி வைத்துக்கொண்ட ஆட்டக்காரரும் அதே பட்டியலோடுதான் வர வேண்டும், ஸ்போர்துல் ஸ்டூடென்செஸ்க் என்ற பெயருடன்.