என்ன எதிர்பார்க்கலாம்?

பிரயாணத்துக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் என் தம்பி ஒரு சிறு புத்தகத்தை என் கையில் கொடுத்தான். கப்பல்காரர்கள் அனுப்பியது. முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில், 'இந்தப் பயணத்தில் நீங்கள் என்ன எதிர்பார்க்கலாம்?' என்று அச்சிட்டிருந்தார்கள்.

தம்பி ஹூஸ்டனில் உத்தியோகம் பார்க்கிறான். அவனும் அவன் மனைவியும் போவதாகத்தான் ஏற்பாடு. கடைசி நேரத்தில் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. அப்போது நான் அவன் வீட்டில் விருந்தாளியாக இருந்தேன். "அண்ணா, கட்டின பணம் திரும்பி வராது. நீங்க என்னோட வாங்க" என்றான். இப்படி, யாருக்கோ போட்ட இலையில் உட்கார்ந்தவனாக நான் கலாபகோஸ் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

எதிர்பார்ப்பது மனித சுபாவம். கல்யாணத்துக்குப் போகிறவன் பாயசத்தை எதிர்பார்க்கிறான். கோயிலுக்குப் போகிறவன் வரத்தை எதிர்பார்க்கிறான். நான் நிலவை எதிர்பார்த்தேன். நீலக் கடலை எதிர்பார்த்தேன். திரும்பி வந்து எழுதுவதற்கு ஒரு கதையையும் எதிர்பார்த்தேன். என்னிடமிருந்தும் யாராவது எதையாவது எதிர்பார்க்கலாம் என்ற எண்ணமே எனக்கு உதிக்கவில்லை.

ஈக்வடார் நாட்டின் கரையிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் மேற்கே, பசிபிக் சமுத்திரத்தில் எரிமலை கக்கிப் பிறந்த தீவுகள் அவை. நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு தேசியப் பூங்கா. மனிதர்கள் குடியிருக்க மீதி மூன்று பங்குதான். விமானத்தில் ஏறுமுன்பே பெட்டியைத் திறந்து சோதித்தார்கள். தங்கமோ கஞ்சாவோ தேடவில்லை. பழம், விதை, மண் இவற்றைத் தேடினார்கள். தம்பியின் பையிலிருந்த ஒரு ஆரஞ்சுப் பழம் பறிமுதல் ஆயிற்று. அவன் முகம் சுண்டிப் போய்விட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தது தப்பு என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

கப்பல் என்றால் மாளிகைபோல் மிதக்கும் கப்பலை நினைத்துக்கொள்ள வேண்டாம். பிரயாணிகள் மொத்தம் 16 பேர். என் அறையில் கையை நீட்டினால் சுவர் தட்டும். ஏறியதும் செருப்பைக் கழற்றி ஒரு பெட்டியில் போட்டுவிட வேண்டும். கோயிலுக்குள் நடப்பதுபோல் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும். பகலெல்லாம் ஏதாவது ஒரு தீவின் ஓரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்பார்கள். இரவு சாப்பாடு ஆனதும் அடுத்த தீவுக்குப் புறப்பாடு. நாங்கள் போனது ஆகஸ்டு மாதம். தெற்கிலிருந்து குளிர்ந்த நீரோட்டம் வந்து கடலைக் குலுக்குகிற காலம். முதல் இரவு கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நிலவை எதிர்பார்த்த கதாசிரியனை நானே சபித்துக்கொண்டேன்.

சிறு கப்பலில் மனிதர் மனிதரிடமிருந்து தப்ப முடியாது. ஒரே மேஜையில் சாப்பாடு. ஒரே படகில் பிரயாணம். மூன்றாம் நாளுக்குள் யார் குறட்டை விடுகிறார், யார் மனைவியிடம் பேசுவதில்லை என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த எனக்கு இது புதிதல்ல.

காலையில் மணி அடிப்பார்கள். ரப்பர் படகில் ஏறித் தீவுக்குப் போக வேண்டும். முழங்கால் தண்ணீரில் குதித்து நனைந்து இறங்கும் இடமா, பாறையில் கால் வைத்து நனையாமல் இறங்கும் இடமா என்று முதல் நாள் இரவே சொல்லிவிடுவார்கள். பூங்காவின் அனுமதி பெற்ற வழிகாட்டி இல்லாமல் ஓர் அடி வைக்கக்கூடாது. அவர் கண்காணிப்பில் 16 பேருக்கு மேல் போகக்கூடாது. குச்சி நட்ட பாதையை விட்டு விலகக்கூடாது. எந்தப் பிராணியிடமிருந்தும் 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மாலை ஆறு மணிக்குள் தீவைக் காலி செய்துவிட வேண்டும். ஒரு கல்லைக்கூட எடுக்கக்கூடாது. திரும்பும்போது, ஒரு தீவின் மண் இன்னொரு தீவுக்குப் போகாதபடி காலைக் கழுவிவிட்டுத்தான் கப்பலில் ஏற்றுவார்கள்.

"இவ்வளவு காசு கொடுத்து வந்திருக்கோம், பள்ளிக்கூடம் மாதிரி மணி அடிக்கிறாங்களே அண்ணா!" என்று தம்பி முணுமுணுத்தான்.

ஆனால் இறங்கிய பிறகு அவன் முணுமுணுப்பு நின்றுவிட்டது. அந்தத் தீவுகளில் பிராணிகளுக்கு மனிதனைக் கண்டால் பயம் இல்லை. கடற்சிங்கக் குட்டி ஒன்று மணலில் தவழ்ந்து வந்து என் கால் விரலை முகர்ந்து பார்த்தது. தொடக்கூடாது, தொட்டால் மனித வாடை ஒட்டிக்கொண்டு, தாய் தன் குட்டியை அடையாளம் தெரியாமல் ஒதுக்கிவிடக்கூடும் என்றார் வழிகாட்டி. பாதையின் நட்டநடுவில் நீலக் கால்களையுடைய ஒரு பறவை முட்டையின் மேல் உட்கார்ந்திருந்தது. அது நகரவில்லை. நாங்கள்தாம் சுற்றிக்கொண்டு போனோம். நம்மைக் கண்டு ஒதுங்காத ஒரு பிராணியின் முன் நிற்கும்போது உண்டாவது ஆனந்தமா, வெட்கமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பயப்படாதவனிடம்தானே நாம் சுலபமாக அக்கிரமம் செய்ய முடியும்?

நானும் ஓர் அக்கிரமம் செய்தேன்.

மூன்றாம் நாள் மாலை. எல்லாரும் படகில் ஏறிக்கொண்டிருந்தார்கள். மணலில் ஒரு சிறு சங்கு கிடந்தது. வெள்ளையில் செவ்வரி ஓடிய சங்கு. ஊரில் இருக்கும் என் பெண்ணின் நினைவு வந்தது. 'ஒன்றே ஒன்று. இந்தக் கடலில் இல்லாத சங்கா?' என்று மனம் சொல்லிற்று. குனிந்தேன், நிமிர்ந்தேன், சங்கு சட்டைப் பையில் இருந்தது. நாற்பது வயதைத் தாண்டியவன், ஊருக்கெல்லாம் ஒழுக்கம் பற்றிக் கதை எழுதுகிறவன், பள்ளிக்கூடத்துப் பையன் மாங்காய் திருடுவதுபோல் திருடினேன்.

மறுநாள் சாந்தா குரூஸ் தீவில் ஓர் ஆமையைப் பார்த்தோம். உயிருள்ள ஆமையல்ல, பாடம் செய்து கண்ணாடி அறையில் வைத்த உடல். 'தனித்த ஜார்ஜ்' என்று உலகம் முழுவதும் பேர் வாங்கிய ஆமை அது. பிண்டா என்ற தீவின் ஆமைக் குலத்தில் எஞ்சியது அது ஒன்றுதான். 1971-இல் கண்டுபிடித்தார்கள், மறு ஆண்டு இங்கே கொண்டு வந்து வளர்த்தார்கள். துணை தேடிக் கொடுக்க எவ்வளவோ முயன்றும் வாரிசு இல்லை. 2012 ஜூன் மாதம் 24-ஆம் தேதி அது இறந்தபோது ஒரு குலமே முடிந்தது.

அந்தக் குலத்தை அழித்தவர்களில் முதல்வர்கள் பழைய காலத்துத் திமிங்கில வேட்டைக்காரர்கள். ஆமை பல மாதம் சோறு தண்ணீர் இல்லாமல் உயிரோடு கிடக்கும் என்பதால் அவற்றைக் கப்பலின் அடித்தளத்தில் உயிரோடு அடுக்கிக்கொண்டு போனார்கள். அது பசிக்கும் பேராசைக்கும் பிறந்த பாவம். ஆனால் பிறகு நடந்தது வேறு. 1959-ஆம் ஆண்டு மீனவர்கள் சிலர் பிண்டா தீவில் மூன்று ஆடுகளை விட்டுச் சென்றார்கள். எப்போதாவது வந்து தங்கும்போது கறிக்கு ஆகட்டுமே என்ற எண்ணம். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. சில ஆண்டுகளில் அந்த மூன்றும் பல்லாயிரமாகப் பெருகித் தீவின் பச்சையை மேய்ந்து தீர்த்துவிட்டன. ஆமைக்கு இரையும் இல்லை, நிழலும் இல்லை.

அந்த ஆடுகளுக்கும் பிறகு வேறு தீவுகளில் பெருகியவற்றுக்கும் நேர்ந்த கதி என்ன? சுட்டுக் கொன்றார்கள். 2006-க்குள் லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகள். மறைந்து வாழ்ந்தவற்றைக் கண்டுபிடிக்க, ஓர் ஆட்டின் கழுத்தில் ரேடியோவைக் கட்டி அவிழ்த்துவிட்டார்கள். ஆடு தன் இனத்தைத் தேடிப் போகும் அல்லவா? அது போய்ச் சேர்ந்த இடத்துக்குத் துப்பாக்கியும் போய்ச் சேர்ந்தது. தோழமை தேடிய வாயில்லா ஜீவனைத் தன் இனத்துக்கே உளவாளி ஆக்கினார்கள். செய்யாதிருந்தால் எஞ்சிய ஆமைகளும் போயிருக்கும். செய்தது சரி என்று அறிவு சொல்கிறது. மனம் இன்னும் ஒப்பவில்லை. ஆடு என்ன குற்றம் செய்தது? ஒருவன் யோசியாமல் செய்த காரியத்தை, இன்னொருவன் எவ்வளவு யோசித்தாலும் கை கறைபடாமல் துடைக்க முடிவதில்லை என்பதுதான் எனக்குப் புரிந்தது.

மூன்றே மூன்று ஆடுகள். ஒன்றே ஒன்று சங்கு.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மேல்தளத்துக்குப் போனேன். வழிகாட்டி அங்கே தனியாக உட்கார்ந்திருந்தார். அந்தத் தீவுகளிலேயே பிறந்து வளர்ந்தவர். சங்கை எடுத்து அவர் முன் வைத்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"சொந்தமாக ஓடு இல்லாத நண்டு ஒன்று உண்டு. செத்துப்போன சங்கில்தான் அது குடியிருக்கும். வளர வளர வேறு பெரிய சங்கு தேடும். இது உங்களுக்குப் பொம்மை, அதற்கு வீடு. ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் வருகிறார்கள். ஆளுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்" என்றார்.

"நாளை இறங்கும் தீவில் போட்டுவிடட்டுமா?"

"கூடாது. ஒரு தீவின் பொருளை இன்னொரு தீவில் போடுவதும் தப்புத்தான். என்னிடம் கொடுங்கள். பூங்காக் காரியாலயத்தில் ஒப்படைக்கிறேன்."

பிறகு என் மனத்தில் இருந்ததைக் கேட்டேன். "நாங்கள் வராமலே இருந்துவிட்டால் இந்தத் தீவுகளுக்கு நல்லதல்லவா?"

அவர் சற்று நேரம் கடலைப் பார்த்தார். "2024-இல் நுழைவுக் கட்டணத்தை வெளிநாட்டாருக்கு 100 டாலரிலிருந்து 200 டாலராக உயர்த்தினார்கள். அந்தப் பணத்தில்தான் காவலர்களுக்குச் சம்பளம், ஆமைக் குஞ்சுகளுக்குப் பாதுகாப்பு. நீங்கள் வராவிட்டால் என் போன்றவர்கள் மறுபடியும் மீனுக்கும் ஆமைக்கும்தான் போவோம். வாருங்கள். ஆனால் விருந்துக்கு வருகிறவர் மாதிரி வாருங்கள். வீட்டை வாங்க வருகிறவர் மாதிரி வராதீர்கள்."

விருந்தோம்பலைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். விருந்தாளியின் தர்மம் ஒன்று உண்டென்பதை அன்றுதான் யோசித்தேன்.

இரண்டு நாள் கழித்துப் புளோரியானா தீவில் இறங்கினோம். 1820-ஆம் ஆண்டு 'எஸ்ஸெக்ஸ்' என்ற திமிங்கில வேட்டைக் கப்பல் அங்கே வந்தது. அதன் மாலுமிகளில் ஒருவன் வேடிக்கைக்காகப் புதரில் தீ வைத்தான். வறண்ட காலம். நெருப்புத் தீவெங்கும் பரவிற்று. கப்பல் புறப்பட்டுப் போன பிறகும் எரிந்தது. அடுத்த மாதமே நடுக்கடலில் ஒரு திமிங்கிலம் மோதி அந்தக் கப்பல் மூழ்கிவிட்டது. 'மோபி டிக்' நாவலுக்கு வித்திட்ட சம்பவம் அதுதான். கதை எழுதுகிறவன் கையில் விட்டிருந்தால், தீ வைத்தவனைத்தான் முதலில் கடலுக்கு இரையாக்கியிருப்பேன். சரித்திரம் அப்படிச் செய்யவில்லை. எத்தனையோ பேர் மாண்டார்கள். அவன் உயிர் பிழைத்துவிட்டான். உலகத்தில் தண்டனை குற்றவாளியின் விலாசம் பார்த்து வருவதில்லை. அதை நம்பி நாம் இருக்க முடியாது. நம் கையை நாமேதான் கட்டிக்கொள்ள வேண்டும்.

அதே தீவின் கரையில் ஒரு மரப்பீப்பாய் இருக்கிறது. இரண்டு மூன்று வருஷம் வீடு திரும்பாத மாலுமிகள் அந்தக் காலத்தில் தங்கள் கடிதங்களை அங்கே போட்டுவிட்டுப் போவார்களாம். ஊர் திரும்பும் கப்பல் எதுவானாலும், தன் வழியில் உள்ள விலாசங்களைப் பொறுக்கிக்கொண்டு போய்ச் சேர்க்குமாம். பீப்பாய் மாறிவிட்டது, வழக்கம் இன்றும் மாறவில்லை. தபால்தலை ஒட்டாமல் கார்டு போடலாம். போடுகிறவர், தம் ஊர்ப் பக்கத்து விலாசம் இருந்தால் எடுத்துப்போய் நேரில் கொடுக்க வேண்டும். அந்தத் தீவுகளில் அந்நியன் எடுத்துக்கொண்டு போகலாம் என்று அனுமதித்த பொருளை அங்கேதான் கண்டேன். அதுவும் பிறத்தியாருக்குச் சேர வேண்டியது!

ஹூஸ்டன் விலாசம் ஒன்று கிடைத்தது. "இங்கெல்லாம் முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டக்கூடாது அண்ணா. தபால்ல போட்டுடலாம்" என்றான் தம்பி, ஊர் திரும்பியதும். நான் பிடிவாதம் பிடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். வயதான ஒருவர் கதவைப் பாதி திறந்து சந்தேகத்தோடு பார்த்தார். கார்டை நீட்டினேன். பத்து வயதுப் பேத்தி, தன் பிரயாணத்தின்போது தாத்தாவுக்கு எழுதிப் போட்டது. நீலக்கால் பறவையின் படம் வரைந்திருந்தாள். அவள் வீடு திரும்பிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

அவர் இரண்டு முறை படித்தார். "வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வராது என்றும் நினைக்கவில்லை" என்றார். பிறகு கதவை முழுவதும் திறந்து, உள்ளே வந்து உட்காரச் சொன்னார். காரில் ஏறும்போது தம்பி ஒன்றும் பேசவில்லை.

என் பெண்ணுக்குச் சங்கு கொண்டுபோகவில்லை. அவள் கேட்டபோது நடந்ததைச் சொன்னேன், திருடியது உட்பட. "அந்த நண்டுக்கு வீடு கிடைச்சிருக்குமாப்பா?" என்று கேட்டாள்.

கிடைத்திருக்கும் என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. அந்தச் சிறு புத்தகம் மட்டும் இன்னும் என் மேஜைமேல் இருக்கிறது. அதன் முதல் பக்கத்துக் கேள்வியை இப்போது நான் வேறு விதமாகப் படிக்கிறேன். நாம் போகும் இடம் நம்மிடம் என்ன எதிர்பார்க்கலாம்?