நடைபாதை யாருடையது?

ஐப்பசி இறுதியில் பாலக்காட்டுக் கல்பாத்தியில் தேரோட்டம் நடைபெறும் நாட்களில், தெருவோரமெங்கும் வளையல், பொம்மை, தின்பண்டக் கடைகள் நிறைந்துவிடுகின்றன. அவற்றை ஆக்கிரமிப்பு என்று எவரும் கருதுவதில்லை. அவை இல்லாவிட்டால் திருவிழாவே களையிழந்து போகும். வேறொரு நாளில், வேறொரு நடைபாதையில் அதே வளையல் வியாபாரி கூடையை இறக்கினால் 'இடைஞ்சல்' என்கிறோம். மாறியது அவரா, நமது பார்வையா?

'பாவம், பிழைத்துப் போகட்டும்' என்று இரக்கத்தால் விடை சொல்வது எளிது. ஆனால் மனமிரங்கி அளித்ததை, மனம் மாறும் நாளில் நாமே பறித்துக்கொள்ளவும் கூடும். பயன் கருதி ஆதரிப்போரும் உண்டு. இடுக்கி மாவட்டத்தின் எல்லை ஊரான குமுளியில் கம்பத்துப் பேருந்திலிருந்து இறங்குபவர், தேக்கடிக்கு வழியைச் சாலையோரப் பழக்கடைக்காரரிடம் கேட்கலாம். தமிழிலோ மலையாளத்திலோ விடை கிடைக்கும். தெருவைக் கவனித்திருக்கும் இத்தகைய கண்களே நகரத்திற்குக் காவல் என்று அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இல் வாதிட்டார். உண்மைதான். எனினும் கைப்பேசியே வழிகாட்டும் இக்காலத்தில் அந்தப் பயன் குறைந்தால், அவர் அங்கே அமரும் நியாயமும் குறைந்துவிடுமா?

சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-இல் வேறோர் அடிப்படையைக் காட்டியது. தெருவில் வணிகம் செய்வது அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு தரும் தொழில் உரிமையில் அடங்கும். அது நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது. ஆனால் குறிப்பிட்ட ஓரிடத்தை நிரந்தரமாகத் தனதாக்கிக்கொள்ளும் உரிமை எவருக்கும் இல்லை. உடைமையில்லாத உரிமை! ஆழ்ந்து நோக்கினால், நடந்து செல்பவரின் நிலையும் இதுவே. வழி அவருக்குப் பயன்படுகிறது, அவருடையதன்று.

இவ்விரு உரிமைகளும் மோதும்போது என்ன செய்வது? கைத்தடியால் வழி தேடும் பார்வையற்றவரை ஒரு கடை, வண்டிகள் ஓடும் சாலைக்குத் தள்ளுமானால், விலக வேண்டியவர் வியாபாரியே. வறுமை அதற்கு விலக்காகாது. (நடைபாதைமீது ஏற்றி நிறுத்தப்படும் கார்களிடம் நாம் இத்தனை கண்டிப்புக் காட்டுவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) ஆனால் எவ்வளவு விலகுவது, எங்கே சென்று அமர்வது என்பதை அவரைக் கேளாமலே தீர்மானிப்பது நீதியாகாது. சாலையோர வியாபாரிகளுக்காக 2014-இல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம் இதை உணர்ந்திருக்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர், வியாபாரிகள் தாமே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். கூடையுடன் நடைபாதையில் அமர்ந்திருந்தவருக்கு, அந்த நடைபாதையைப் பற்றி முடிவெடுக்கும் மேசையில் ஓர் இருக்கையைச் சட்டம் தந்திருக்கிறது.