நாள் தெரியாத இறப்பும் மாமாங்கத் தீர்த்தமும்

ஆடி அமாவாசையன்று மட்டக்களப்பு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலின் தீர்த்தக்குளம் தந்தையை இழந்தவர்களால் நிறைந்துவிடும். பத்து நாள் திருவிழா அன்று தீர்த்தத்தோடு நிறைவுறுகிறது. விரதம் பிடித்து வந்தவர்கள் குளத்தில் முழுகி எழுந்து, குருக்களிடம் அரிசியும் காய்கறியும் தானமாகக் கொடுத்து, பிதிர்க்கடன் கழிக்கிறார்கள். மோதிர விரலில் தர்ப்பைப் பவித்திரம் இருக்கும். முகம் தெற்கு நோக்கும். எள்ளும் நீரும் விரல் நுனியால் விழுவதில்லை, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட வழியாக விழுகின்றன. பிதிரருக்கு உரிய வழி அது. பின்னர் வீட்டில் சமைத்துப் படைத்து, அதன் பிறகே சாப்பாடு.

அமாவாசை முன்னோர் எல்லோருக்கும் பொதுவான நாள். இறந்த திதி தெரியாதவருக்கும் அன்று நீர் வார்க்கலாம் என்பது வழக்கு. எனவே அந்தக் குளத்தில் பணக்காரர், ஏழை, திதி தெரிந்தவர், தெரியாதவர் என்ற பிரிவில்லை. வீட்டுக்குள் தனித்தனியே கிடந்த துக்கம் ஆண்டுக்கொருமுறை ஊர் முன்னிலையில் வருகிறது. யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் முழுகுபவருக்கும் அதே இழப்பு.

இறந்தவரைப் பேணுவது இல்லறத்தானின் கடமை என்பது தமிழில் பழைய கருத்து. திருக்குறளின் இல்வாழ்க்கை அதிகாரம் பேணத்தக்க ஐவரை எண்ணும்போது தென்புலத்தாரை முதலில் வைக்கிறது, தெய்வம் இரண்டாவது. ஆனால் சைவ சித்தாந்தம் ஒவ்வோர் உயிரும் தன் வினைக்கேற்ற பிறவி எடுக்கும் என்கிறது. அப்படியானால் மகன் வார்க்கும் நீர் எங்கே போகிறது? வினை தானே பயன் தராது, பயனைக் கூட்டுவிப்பவன் இறைவன் என்பது சித்தாந்தத்தின் அடிப்படை. அன்போடு செய்த கடனின் பயனையும் அவ்வுயிர் எங்கிருந்தாலும் அங்கே சேர்ப்பவன் அவனே என்று சைவர் விடை சொல்வர். சேர்ப்பது அவன் பொறுப்பு. இவர் இறந்துவிட்டார் என்று அறிந்து கடனைத் தொடங்குவது மட்டும் மனிதர் பொறுப்பு. போர்க்கால மட்டக்களப்பில் பல ஆயிரம் குடும்பங்கள் தடுமாறி நின்றது இந்த இடத்தில்தான்.

1990 செப்டெம்பர் 5 அன்று வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்களில் 158 பேரை இராணுவத்தினர் கொண்டு சென்றனர். அவர்கள் திரும்பவில்லை. நான்கு நாள் கழித்து நகரின் வடபுறத்திலுள்ள சத்துருக்கொண்டானிலும் அதன் அயல் ஊர்களிலும் குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். தனியாக அழைத்துச் செல்லப்பட்டவர்கள், வழியில் மறிக்கப்பட்டவர்கள், ஆயுத இயக்கங்களால் கொண்டு போகப்பட்டவர்கள் என்று இந்த வரிசை நீளும்.

சுனாமியிலும் உடல் கிடைக்காமற் போனவர்கள் பலர். ஆனால் அந்த இழப்புக்கு ஒரு நாள் உண்டு. 2004 டிசம்பர் 26 மார்கழிப் பௌர்ணமி; கடல் வந்ததை ஊரே கண்டது. திதி வைத்துத் திவசம் கொடுக்க அது போதும். கண்ணைக் கட்டி ஏற்றிச் செல்லப்பட்ட மகனுக்கு உடலும் இல்லை, நாளும் இல்லை, இறந்தான் என்று சொல்ல ஒரு சாட்சியும் இல்லை.

தரும நூல்கள் இதை எண்ணிப் பார்க்காமல் விடவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் செய்தி இல்லையென்றால் தர்ப்பையாலும் பலாச இலையாலும் உருவம் செய்து தகனம் செய்து, கிரியைகளைத் தொடங்கலாம் என்ற விதி உண்டு. அரசின் சட்டம் இன்னும் அவசரப்பட்டது. 2010ஆம் ஆண்டுச் சட்டம், போர்க்காலத்தில் காணாமற்போய் ஓராண்டுக்கு மேல் தகவல் இல்லாதவருக்கு மரணச் சான்றிதழ் வழங்க இடமளித்தது. குடும்பங்கள் மறுத்து நின்றன. 2016இல் வந்த திருத்தமே, இறந்தார் என்று கூறாமல் ஆள் காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் கூறும் சான்றிதழுக்கு வழி செய்தது.

பன்னிரண்டு ஆண்டுகள் கடந்தும் உருவம் எரிக்காத தாயைப் பேதைமை என்றோ பிடிவாதம் என்றோ சொல்வது அநியாயம். எள்ளும் நீரும் இறைத்த அந்த நொடியில் மகன் இறந்தான் என்ற தீர்ப்பைத் தாயே எழுதியவளாகிறாள். கொண்டு போனவர் வாய் திறக்காதிருக்க, அந்தத் தீர்ப்பின் பாரம் அவள் தலையில் ஏறுகிறது. மனைவிக்கு அது தாலியும் பொட்டும் சம்பந்தப்பட்டது. கடன் கழிக்காமல் இருப்பதும் இங்கே ஒரு கடனாகவே நிற்கிறது: உயிரோடிருக்கக்கூடியவருக்குச் செய்யும் கடன்.

அந்தக் கடனை ஏற்றவை அம்மன் கோயில்கள். மட்டக்களப்பில் காளி, மாரி, கண்ணகி கோயில்களின் ஆண்டுச் சடங்கில் தெய்வம் ஆடுபவர்கள் வாக்குச் சொல்வது நெடுநாள் வழக்கம். போர்க்காலத்தில் இப்பகுதியில் ஆய்வு செய்த மானிடவியலாளர் பட்ரிசியா லோறன்ஸ், காணாமற்போனவரைப் பற்றிக் கேட்கவே பெண்கள் அங்கே வந்ததைப் பதிவு செய்திருக்கிறார். வெளியில் வாய் திறந்தால் ஆபத்து என்றிருந்த காலத்தில், பிள்ளையின் பெயரைச் சொல்லி உரக்க அழ அந்த முற்றம் இடம் கொடுத்தது. வாக்குப் பலித்ததா என்பதைவிட, கேள்வி பலர் முன்னால் கேட்கப்பட்டது என்பதே பெரிது. மகன் வந்தால் தீமிதிப்பேன், காவடி எடுப்பேன் என்ற நேர்த்தி இருப்பவருக்காக வைப்பது. இறந்தவருக்காக யாரும் நேர்த்தி வைப்பதில்லை.

மாமாங்கக் கோயில் வளாகமும் உயிரோடிருப்பவருக்கான வேண்டுதலைக் கண்டதுண்டு. 1988 மார்ச் 19 முதல் ஏப்ரல் 19 வரை, இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்தமும் பேச்சுவார்த்தையும் வேண்டி, அன்னையர் முன்னணியைச் சேர்ந்த பூபதி இங்கேதான் உண்ணாதிருந்து உயிர் நீத்தார்.

பூசையும் நேர்த்தியும் மட்டும் இந்தப் பெண்களைத் தாங்கவில்லை. மட்டக்களப்பின் குடிமுறை தாய்வழிப்பட்டது. வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும், மருமகன் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். கணவன் கொண்டு போகப்பட்டபோது மனைவி புகுந்த வீட்டில் அந்நியமாக நிற்கவில்லை. தன் வீட்டில், தாயும் சகோதரிகளும் அடுத்த வளவில் இருக்க, பிள்ளைகளோடு இருந்தாள். பெண் கைம்மையில் ஒதுக்கப்படுவதைத் தடுப்பதில் இந்த வழக்கம் எத்தனையோ நிவாரணத் திட்டங்களைவிட அதிகம் செய்திருக்கிறது. சுனாமிக்குப் பிறகு குடும்பத் தலைவர் என்று ஆண்களின் பெயரில் வீடு எழுதும் போக்கு வந்தபோது கிழக்கில் எழுந்த கவலைக்கு இதுவே காரணம்.

ஒரே பெண் ஆடி அமாவாசையில் தகப்பனுக்காக மாமாங்கத்தில் விரதம் இருக்கிறாள். மகனுக்காக அம்மன் சடங்கில் நேர்த்தி வைக்கிறாள். இரண்டுக்கும் முரண் இல்லை. இறப்பு உறுதியானவருக்கு எள்ளும் நீரும், உறுதியாகாதவருக்கு நேர்த்தியும் என்று மட்டக்களப்பு வழக்கம் இரண்டுக்கும் இடம் வைத்திருக்கிறது. எதிலிருந்து எதற்கு, எப்போது மாறுவது என்பதை நூலோ சட்டமோ அவளுக்காகத் தீர்மானிப்பதில்லை. கொண்டு போனவர்கள் உண்மையைச் சொல்லும்வரை அந்த முடிவு அவளுடையது.