குழிநீர்

வசந்தம் என்று வடமொழிக் காவியங்களும் மேனாட்டுப் பாடநூல்களும் போற்றுகின்ற பருவம் எங்கள் வன்னிமண்ணுக்குப் பங்குனியில் வருவதில்லை. புரட்டாதி வரை வெடித்துக் கிடந்த குளத்தடி நிலம் ஐப்பசியில் முதற்பாட்டம் மழையைக் குடித்து, ஈசல் புறப்பட்டு, வடக்கேயிருந்து கடல்கடந்து வந்த ஆறுமணிக்குருவி விடியலிலும் பொழுதுபடும் வேளையிலும் தவறாது குரல்கொடுக்கத் தொடங்கும் அந்த நாட்களே எங்கள் வசந்தம். இங்கிலாந்தில் பனி விலகுகின்ற மாசி பங்குனியிலே தவளைகள் முட்டையிடும் என்று படித்துவிட்டு, புதுக்குடியிருப்பில் அதே மாதங்களில் வற்றிய வாய்க்கால்களைத் துழாவி ஏமாந்த பிள்ளைகளுள் நானும் ஒருவன். இங்கே மாரித்தவளை கத்தினாலன்றி முட்டையில்லை.

எங்கள் வளவின் பின்கோடியில் பழைய பதுங்குகுழி ஒன்று உண்டு. 2009 ஆம் ஆண்டு நாங்கள் ஊரைவிட்டு ஓடியபோது அதன்மேல் அடுக்கியிருந்த தென்னங்குற்றிகள் உக்கி வீழ்ந்தன; பக்கங்கள் சரிந்தன; இப்போது மழை பெய்தால் கணுக்காலளவு நீர் நிற்கும் ஒரு பள்ளமாக அது கிடக்கிறது. தூர்த்துவிடச் சொல்லாதவர் இல்லை. எனக்கு மனம் வரவில்லை. சென்ற ஐப்பசியில் என் பேத்தி அதன் கரையில் குந்தியிருந்து, "அம்மப்பா, இது ஆற்றை முட்டை?" என்று கேட்டாள்.

மூன்று வகை முட்டைகள் அன்று அங்கே இருந்தன. அமிழ்ந்திருந்த புல்லைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடிக் குழாயினுள் கடுகை வரிசையாக இட்டாற்போல் இரட்டைச் சரமாக ஓடியவை தேரையினுடையவை. ஓரத்து நீரின்மேல் எண்ணெய்ப்படலம்போல ஒற்றையடுக்காய் மிதந்து, விரல் பட்டதும் விலகி மீண்டும் பரவியவை, சின்ன வாயும் பெருவிரல் நகத்தளவு உடலுமுடைய சிறு தவளை இட்டவை. மூன்றாவது நீரிலேயே இல்லை. குழியின்மேல் சாய்ந்த பூவரசங்கிளையில் சவர்க்கார நுரை ஒரு கைப்பிடி அப்பியதுபோல் இருந்தது. மரத்தவளை தன் உடலிலிருந்து சுரக்கின்ற திரவத்தைப் பின்கால்களால் கடைந்து நுரையாக்கி அதனுள்ளே முட்டைகளைப் பொதிந்து வைக்கிறது. நுரையின் புறம் காய்ந்து தோலாகிவிட, அகம் ஈரமாகவே இருக்கிறது. சில நாட்களில் வாற்பேத்தைகள் அதனை நெகிழ்த்துக்கொண்டு நேர்கீழே நீரில் விழுகின்றன. நீருக்கு மேலாகவே கிளை தேர்கின்ற அந்தச் சின்னஞ்சிறு அறிவை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம் தணிவதில்லை.

நம் முன்னோர் உயிர்த்தோற்றத்தை அண்டசம், சுவேதசம், உற்பிச்சம், சராயுசம் என நான்காகவும், பிறப்பினைத் தாவரம் முதல் தேவர் ஈறாக ஏழாகவும் வகுத்தனர். சிவபுராணத்தை நாள்தோறும் ஓதுகின்ற நாம் அறிவோம், அங்கே அடுக்கப்படும் பிறவிகளுள் தவளைக்குத் தனியிடம் இல்லை. மீனைப்போலப் பூவினால் மூச்சுவிட்டு, பாசியைக் கறம்பித் தின்று, நீர்வாழ்வனவாய்த் தொடங்கிய உயிர், வால் தேய்ந்து கால் முளைத்து நுரையீரல் பெற்று, சாகாமலே மற்றொரு வகுப்புக்கு மாறிவிடுகிறதே, அதனை எந்தக் கட்டத்துள் அடைப்பது? இது சுவையான வினாவே. ஆயினும் என்னை வருத்திய வினா இதுவன்று.

எங்கள் பக்கத்து மண் மணற்பாங்கானது. மாரி வலுக்குமுன் விழுகின்ற மழை விரைவில் சுவறிப்போகும். மறுநாள் நண்பகலில் நீர்விளிம்பு ஒரு சாண் உள்வாங்கி, தேரைச்சரத்தின் பாதி ஈரமண்ணில் கிடந்து சுருங்கத் தொடங்கியிருந்தது. கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் படியளக்கிறவன் இறைவன் என்று சொல்லி வளர்ந்த ஊர் இது. அப்படியாயின், கல்லுக்குள் அல்லாமல் வெட்டவெளியில், வால்கூட முளைக்குமுன் உலர்ந்துபோகும் இவற்றுக்கு அளந்த படி எது? பிராரத்தத்தை அனுபவித்துக் கழிக்கவே உடம்பு தரப்படுகிறது என்பர். ஒருநாள் வாழ்ந்த முட்டை எதை அனுபவித்தது?

"அதுகளின்ரை வினை" என்று வேலிக்கு அப்பாலிருந்து ஒருவர் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொன்னதன்று. ஆனால் அந்தச் சொல்லை நான் வேறோரிடத்தில், முகாமில், கூடாரத்து வாசலில் இருந்த ஒரு தாயின் முன்னே கேட்டிருக்கிறேன். "அந்தப் பிள்ளை கொண்டுவந்த கணக்கு அவ்வளவுதான், பிள்ளை" என்றார் ஆறுதல் சொல்ல வந்த முதியவர். அவள் அவரை நிமிர்ந்து பார்க்கவுமில்லை.

வினைக்கொள்கையை நான் மறுப்பவனல்லன். அதன் நிழலிலேயே வளர்ந்தவன். ஆனால் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் இரண்டாம் சூத்திரத்திலே உயிர்களின் போக்குவரவை இறைவனின் ஆணையோடு சேர்த்தே வைத்ததன் தாற்பரியத்தை நாம் மறந்துவிடுகிறோம். வினை சடம், அது தானாகச் சென்று செய்தவனைப் பற்றமாட்டாது, அறிந்து கூட்டுவிப்பவன் ஒருவன் வேண்டும், அவன் பதி. எனின், இன்ன உயிருக்கு இன்ன கணக்கு என்று தீர்த்துச் சொல்லும் அதிகாரம் சிற்றறிவுடைய பசுவாகிய எனக்கு எப்படி வந்தது? என் துன்பத்தை நான் என் வினையென்று ஏற்றால் அது பக்குவம்; பிறிதோர் உயிரின் துன்பத்தைப் பார்த்து அதே சொல்லை நான் சொன்னால், சிவனுடைய ஆசனத்தில் ஏறி அமர்ந்தவனாகிறேன்.

பேத்தி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கிணற்றடியிலிருந்து வாளியில் நீர் சுமந்து, வேகமாக ஊற்றினால் சரம் அறுந்துவிடும் என்று கையைக் குழித்துப் பிடித்து, விரலிடுக்கால் ஒழுகவிட்டாள். நாலு வாளிக்குப் பின் சரத்தின் பெரும்பகுதி மீண்டும் நீருள் அமிழ்ந்தது. அடுத்த காலையே ஒரு கொக்கு அக்குழியில் இறங்கி நின்றது. நாங்கள் தேரையைக் காத்தோமா, கொக்குக்கு இரை வைத்தோமா என்பதை நான் இன்றும் தீர்மானிக்கவில்லை. அவளோ கொக்கைத் துரத்தவுமில்லை.

நான்காம் நாள் மாலையில் பூவரசங்கிளையின் நுரை இளகிச் சொட்டத் தொடங்கியது. அவள் மண்ணில் குப்புறப் படுத்து, நீரில் விழும் வாற்பேத்தை ஒவ்வொன்றையும் உரக்க எண்ணினாள். இருபத்துமூன்றுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. எது துளி, எது உயிர் என்று பிரிக்க முடியாமல், நனைந்தபடியே எண்ணுவதை விட்டுவிட்டாள்.