விபத்து நேராத பிழை

சாலையின் எந்தப் பக்கத்தில் செல்வது என்ற விதிக்கு இயற்கையில் ஆதாரம் எதுவும் இல்லை. இந்தியாவில் இடப்பக்கமும் ஜெர்மனியில் வலப்பக்கமும் வழக்கில் இருக்கின்றன. இவற்றுள் ஒன்று மற்றதைவிட அறத்தில் உயர்ந்தது என்று எவரும் வாதிடுவதில்லை. சுவீடனில் 1955ஆம் ஆண்டுப் பொதுவாக்கெடுப்பில் மிகப் பெரும்பான்மையினர் வலப்பக்கத்துக்கு மாறுவதை மறுத்தனர். ஆயினும் 1963இல் நாடாளுமன்றம் அம்மாற்றத்தை முடிவு செய்ய, 1967 செப்டம்பர் 3 அதிகாலை 5 மணிமுதல் நாடு முழுவதும் வாகனங்கள் பக்கம் மாறி ஓடத் தொடங்கின. முந்தைய இரவு வரை உயிர் காத்த ஒழுங்கு, விடியலில் உயிர் பறிக்கும் மீறலாயிற்று. மனிதர் வெறும் உடன்பாட்டால் ஏற்படுத்திக்கொண்டு, வேண்டும்போது மாற்றிக்கொள்ளவும் கூடிய ஒரு விதியை மீறுவது சட்டப்பிழையோடு நின்றுவிடுமா, அறப்பிழையும் ஆகுமா என்பதே, நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் வண்டி ஓட்டுவதைத் தத்துவ நோக்கில் ஆராய்வோர் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி.

ஸ்காட்லாந்து தத்துவவாதி டேவிட் ஹியூம் 1751இல் வெளியிட்ட அறநெறி ஆய்வில் வண்டிக்காரர்களின் வழிவிடும் முறைகளைக் குறிப்பிடுகிறார். இலகுவான வண்டி கனத்த வண்டிக்கும், வெற்று வண்டி பாரவண்டிக்கும் விலக வேண்டும் என்பவை வசதியில் பிறந்தவை என்றும், தலைநகருக்குச் செல்பவருக்கு அங்கிருந்து திரும்புபவர் வழிவிடுவது பெருநகரின் மதிப்பு பற்றிய ஏதோ ஒரு கற்பனையில் பிறந்ததாகலாம் என்றும் அவர் கருதினார். விதி எங்கே பிறந்தது என்பது ஒன்று, அது பிறந்தபின் எதைச் சுமக்கிறது என்பது வேறு என்பதை இவ்வெடுத்துக்காட்டு தெளிவாக்குகிறது. ஒவ்வொருவரும் மற்றவர் அதன்படியே நடப்பார் என்று நம்பி உடலையும் உயிரையும் ஒப்படைத்துவிட்டபின், தற்செயலாய்த் தோன்றிய விதியும் நம்பிக்கையின் முழுப் பாரத்தைத் தாங்கத் தொடங்குகிறது.

எதிர்த்திசையில் வருபவரைப் பேய் ஓட்டுநர் என்ற பொருளில் அழைக்கும் ஜெர்மானியரிடையே பழைய நகைச்சுவை ஒன்று வழங்குகிறது. நெடுஞ்சாலையில் ஒருவர் எதிர்த்திசையில் வருவதாக வானொலி எச்சரிக்க, அதைக் கேட்ட ஓட்டுநர், ஒருவரா, நூற்றுக்கணக்கானோர் வருகிறார்களே என்று வியக்கிறார். ஊரே ஒரு பக்கம் நிற்கத் தனித்து மறுபக்கம் நின்ற ஞானிகளையும் சீர்திருத்தவாதிகளையும் போற்றும் சமூகங்கள் இவரைக் கண்டு மட்டும் சிரிப்பதற்குக் காரணம் உண்டு. பூமி சுழல்கிறதா என்ற கேள்வியில் உண்மை பெரும்பான்மைக்கு வெளியே நிற்கிறது. ஆகவே தனியொருவர் சரியாகவும் எல்லாரும் தவறாகவும் இருக்க இயலும். சாலையிலோ உடன்பாட்டுக்கு அப்பால் கண்டறிவதற்கு உண்மை எதுவும் இல்லாமையால், எதிர்நீச்சலின் பெருமை அங்கே பொருளற்றுப் போகிறது.

எனினும் இந்திய நான்குவழிச் சாலைகளில் எதிர்த்திசையில் வருபவர் பெரும்பாலும் திசை அறியாதவர் அல்லர், அறிந்தே வருபவர். நடுத்திட்டில் அடுத்த திருப்பம் இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்க, எதிர்ப்புறத்துப் பெட்ரோல் நிலையத்துக்கோ வயலுக்கோ ஓரமாகவே ஓட்டிச் சேர்ந்துவிடும் அவர், எவருக்கும் தீங்கு நேரவில்லையே என்று கேட்பார். இக்கேள்விக்கு மேலைத் தத்துவத்தைவிடச் சமண அறநூல்கள் கூரிய விடை தருகின்றன. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது, உயிர் நீங்குவதை மட்டும் சொல்லாமல், அது பிரமாதத்தால், அதாவது ஆசையாலோ மடிமையாலோ விழிப்பு நழுவிய நிலையால், நிகழ்வதைச் சேர்த்தே சொல்கிறது. வந்தவாசியை அடுத்த பொன்னூர் மலையோடு மரபு தொடர்புபடுத்தும் குந்தகுந்தர், பிரவசனசாரத்தில் இன்னும் ஒரு படி மேலே சென்று, உயிர் இறந்தாலும் பிழைத்தாலும் அசட்டையாய் நடப்பவனுக்கு இம்சை உறுதி என்றும், விழிப்போடு நடப்பவனுக்குத் தற்செயலாய் நேரும் கொலையால் மட்டும் வினைப்பிணிப்பு உண்டாகாது என்றும் நிறுவுகிறார். ஒரு நுகத்தடி நீளத்துக்கு முன்னே நிலத்தைப் பார்த்துத் துறவி அடியெடுத்து வைக்கும் ஈர்யா சமிதி என்னும் ஒழுக்கம் இக்கொள்கையின் நடைமுறை வடிவம்.

இவ்வளவையும் மனத்தில் கொண்டு கணக்கைப் பார்த்தால், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரும் 45 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வரும் இருசக்கர வாகனமும் 150 மீட்டர் இடைவெளியை நான்கே நொடிகளில் கடந்துவிடுகின்றன. ஆயிரம் முறை தப்பியவர் அந்த ஆயிரம் முறையும் தம் விழிப்பால் தப்பவில்லை. எதிரே வந்தவர்களின் விழிப்பால் தப்பினார். மற்ற எல்லாரும் விதியைக் காப்பார்கள் என்ற துணிவு இருந்தால்தான் அவரால் அதை மீற முடியும். எல்லாரும் பின்பற்றினால் தானே குலைந்துபோகும் கொள்கை அறமாகாது என்ற ஜெர்மன் தத்துவவாதி காண்டின் வாதம் பொதுவாக வறண்டதாகத் தோன்றினும் இவ்விடத்தில் நன்கு பொருந்துகிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், போக்குவரத்துக்கு எதிர்த்திசையில் ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதலுள் வெளிப்படையாகவே சேர்த்து, விபத்து நேராதபோதும் சிறைக்கும் அபராதத்துக்கும் இடமளிக்கிறது. இது குந்தகுந்தரின் அளவுகோலுக்கு அணுக்கமானது. ஆயின் அதே அளவுகோலைச் சாலை அமைத்தவர் மேலும் வைக்காமல் விடுவது நேர்மையாகாது. ஊரையும் அதன் வயல்களையும் நடுத்திட்டால் பிளந்துவிட்டு, அணுகுசாலையோ சுரங்கப்பாதையோ தராமல், ஒரு குடம் தண்ணீருக்கும் பல கிலோமீட்டர் சுற்றி வரச் சொல்லும் வரைபடமும் பிரமாதத்தின் விளைவே. வரைந்தவர் கண்ணில் அங்கு வாழ்பவர் படவில்லை.

தடுப்பு முறைகளிலும் இந்த விழிப்பின் அளவு தெரிகிறது. தவறாக நுழையும் வண்டியின் சக்கரத்தைக் கிழிக்கும் முட்களைக் கலிபோர்னியப் பொறியாளர்கள் சோதித்துப் பார்த்துக் கைவிட்டனர். காற்று போதிய விரைவில் இறங்கவில்லை; ஒடிந்த முட்கள் சரியான திசையில் செல்வோரின் சக்கரங்களுக்குத் தீங்காயின; முட்களைக் கண்ட நேர்வழி ஓட்டுநர்கள் மிரண்டு பிரேக் பிடித்தனர். மாறாக, எச்சரிக்கைப் பலகைகளை முகப்பு விளக்கின் ஒளி எட்டும் உயரத்துக்குத் தாழ்த்தியது பயனளித்தது. மது மயக்கத்திலோ முதுமையின் குழப்பத்திலோ வருபவர் பார்வை பெரும்பாலும் தரையை ஒட்டியே இருக்கும் என்பதை உணர்ந்த ஏற்பாடு அது. முட்கள் பிழை செய்தவரைத் தண்டிக்க முனைந்து பிழை செய்யாதவரையும் சேர்த்தே பிடித்தன. தாழ்ந்த பலகை, பிழை செய்யவிருப்பவரின் கண் எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்டது. தண்டனையால் மட்டும் எதிர்த்திசை ஓட்டத்தை ஒழிக்க விரும்புவோர் இவ்வேறுபாட்டுக்கு விடை சொல்ல வேண்டியிருக்கிறது.